முடிப்புக்குள் ஒத்த ரூபாய்

— காசைப் புளி போட்டு வெளக்குனியா மாப்ளே?

— புளியே போடலண்ணே, சத்தியமா. எலுமிச்சம்பழமும் அடுப்புச் சாம்பலுந்தான்.

— நாசமாப் போச்சு. அதுக்கு நீ இதை ரோட்டுல போட்டு உன் ஜீப்பை மேல ஏத்தியிருக்கலாம்.

— என்ன காமராஜண்ணே இப்பிடிச் சொல்றீங்க? சிலமலையில எங்க மாமா வீட்டு மாட்டுக்கொட்டத்தை இடிக்கையில கெடச்சது. கன்னங்கரேர்னு கெடந்துச்சு. ராசாவா ராணியான்னே தெரியல. இப்பப் பாருங்க, தங்கமாட்டம் மின்னுது.

— மின்னுது, மின்னுது. ராசாவுக்கு மிச்சமிருந்த மீசையும் போச்சு. அந்தக் கருப்பு என்னன்னு நெனச்ச? நூறு வருசம் மண்ணுக்குள்ள கெடந்து செம்பு தானாப் போத்திக்கிட்ட போர்வைடா. அதை உருவிட்டு அம்மணமா நிப்பாட்டி வச்சிருக்க. போடியில நான் என்ன சோலி பாக்குறேன், சொல்லு?

— ஏலக்கா தரம் பிரிக்கிறீங்க.

— காய் வெளுத்திருக்குன்னு ஒருத்தன் பச்சைச் சாயம் ஏத்திக் கொண்டாந்தா எடுப்பேனா? மூட்டையோட தூக்கி வெளிய வச்சிருவேன். கழுவுன காசும் அதே கததான். சேத்து வைக்கிறவன் எவனும் தொடமாட்டான்.

— அப்ப லட்சம் கெடைக்காதா?

— லட்சமா! எவன்டா சொன்னான்?

— செல்லுல ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான்ணே. வீட்டுல பழைய காசு இருக்கா, அப்ப நீங்க லட்சாதிபதின்னு. பானுவும் பாத்துச்சு. பாத்தியா இல்லையா பானு?

— என்னைய ஏன் இழுக்குற அருளு? நீ பாத்த. நான் ஏலக்கா ஸ்டோர்ல காய் காஞ்சிருச்சான்னு தள்ளிவிட்டுக்கிட்டிருந்தேன். காதுல விழுந்துச்சு, அம்புட்டுத்தான்.

— கேட்டுக்கங்கண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடியே காலை வாரி விடுது.

— கல்யாணமா? யாருக்கு யாருக்கு? அட, அதான் முன்சீட்டுல வச்சுக் கூட்டிட்டு வர்றியா? நான் எஸ்டேட்டுல வேலை பாக்குற பொண்ணு, பஸ்சு போயிருச்சுன்னு ஏறியிருக்கும்னுல்ல நெனச்சேன்.

— நாளைக்குக் காலையில சிலமலைக் கோயில்ல மாலை மாத்துறோம்ணே. நீங்களும் வாங்க. இன்னைக்கு மொதல்ல ராசிங்காபுரத்துல எறங்கி ஒரு உண்டியல் காணிக்கை போடணும் இதுக்கு. ஏ பானு, அண்ணங்கிட்ட அந்த முடிப்பைக் காமியேன். அதுக்குள்ளயும் ஒரு காசு இருக்குல்ல.

— வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு அருளு. சாமி காசைப் போயி ஏவாரம் பேசிக்கிட்டு.

— பாக்குறதுக்கு என்ன வந்துச்சு? பழசா இருந்தா அதை எடுத்து வச்சுக்கிட்டு வேற ரூவா போட்டாச் சாமி கோவிச்சுக்கிருமா?

— மாப்ளே, நீ போயி ரோட்டுல விழுந்த மரத்தை அறுத்துட்டாங்களான்னு பாத்துட்டு வா. வண்டியில வந்தவங்க பூராம் எறங்கிப் போயிட்டாங்க, நீ மட்டும் பொம்பளப்பிள்ளைய வம்பிழுத்துக்கிட்டு உக்காந்திருக்க.

— போறேண்ணே. ஆனா இந்த மஞ்சுல மரமும் தெரியாது, மனுசனும் தெரியாது. ரம்பம் இழுக்குற சத்தத்தை வச்சுத்தான் நடக்கணும். வளைவுக்கு அங்கிட்டு ரோடு இருக்கா, அதையும் மேகம் தின்னுருச்சான்னு பாத்துட்டு வர்றேன்.

— பாத்துப் போ அருளு. ஓரத்துல போகாத.

— நல்ல பயதான் தாயி. வாய்தான் ஜாஸ்தி.

— ஆமாண்ணே. வாய் இல்லாதவரோட இருந்து பாத்தாச்சு. அதுக்கு இது தேவலை.

— மொதல் ஆளு?

— சின்ராசு. போடிமெட்டுக்கு மேல எங்க எஸ்டேட்டுலதான் மருந்தடிக்கிற வேலை. ஒருநாளு காலையில, இதே மாதிரி மஞ்சு. கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தேன். குடிச்சாரு. தம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சாரு. போயிட்டாரு. எங்கிட்டுன்னு யாருக்கும் தெரியல. ரோஜா அப்ப தொட்டில்ல கெடந்தா.

— தேடலையா?

— தேடாத எடம் ஏது? மூணாறு, நெடுங்கண்டம், கட்டப்பனை, எல்லாம் போயாச்சு. போலீசுலயும் எழுதிக் குடுத்தாச்சு. காட்டுல ஆனை அடிச்சிருக்கும்னு சொன்னாங்க, கொக்கைப் பள்ளத்துல விழுந்திருப்பாருன்னு சொன்னாங்க. இப்ப ரோஜா பிளஸ் ஒண்ணு படிக்கிறா. இன்னும் அந்தத் தம்ளரை எடுக்கக் கை கூசும் எனக்கு.

— ம்.

— அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? காசு தேஞ்சிருக்குன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறீங்க? எல்லாக் காசும் ஒரே மாதிரிதான இருக்கு.

— அருளோட இந்த ராசா காசையே எடுத்துக்க. கண்ணை மூடு. கண்ணு மினுமினுப்பைப் பாத்து ஏமாந்துரும், வெரலு ஏமாறாது. கட்டவெரலால தடவு. ராசாவோட காது தட்டுப்படுதா?

— இல்ல. வழுவழுன்னு இருக்கு.

— தாடி?

— லேசா.

— கழுத்துக்கிட்ட எழுத்து?

— இருக்கு, நல்லாத் தட்டுப்படுது.

— அதான் கணக்கு. எது தூக்கலா இருக்கோ அது மொதல்ல தேயும். காது, கன்னம், புருவம். பள்ளத்துல இருக்குறது கடைசிவரைக்கும் நிக்கும். ஒரு காசு எத்தனை மடியில தூங்கிருக்கும், எத்தனை உள்ளங்கையில வேர்த்திருக்கும், எத்தனை கல்லாப்பெட்டியில கூடப்பொறந்ததுகளோட மோதிருக்கும்? ஒவ்வொருத்தரும் ஒரு துளி எடுத்துக்கிட்டுத்தான் அடுத்தவன் கையில குடுக்கிறான். குடுக்கிறவனுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது.

— நெசந்தாண்ணே. அவரு மூஞ்சியும் அப்பிடித்தான் போச்சு.

— எப்பிடி?

— மூக்குத்தான் மொதல்ல மறந்துச்சு. நல்ல எடுப்பான மூக்கு அவருக்கு. இப்ப நெனச்சா வரமாட்டேங்குது. கனவுல வருவாரு. ஏலச்செடிக்குள்ள நிப்பாரு, மஞ்சு மொழங்கால் வரைக்கும் இருக்கும், செடி வாசம் கும்முன்னு அடிக்கும். ஏய்யான்னு கூப்புடுவேன். திரும்புவாரு. திரும்புனா மூஞ்சி இந்த ராசா காசு மாதிரி வழுவழுன்னு இருக்கும். கண்ணுக்குக் கீழ ஒரு தழும்பு, அது மட்டும் அப்பிடியே நிக்குது. பள்ளமா இருக்குமே அது.

— அழுகாத தாயி.

— அழுகலண்ணே. மஞ்சு கண்ணுல எறங்குது. ஒண்ணு சொல்றேன், அருளுகிட்டச் சொல்லிறாதீங்க. எனக்கு நாளைக்கு மாலைய வாங்கக் கை வருமான்னு பயமா இருக்கு. மாலையப் போட்டுத் திரும்புறேன், கோயில் வாசல்ல அவரு வந்து நிக்கிறாருன்னு வைங்க. ‘நான் வர்றதுக்குள்ள உனக்கு என்னடி அவசரம்’னு கேட்டா என்ன பதில் சொல்லுவேன்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அருளை இத்தனை வருசம் இழுத்தடிச்சேன்.

— இத்தனை வருசத்துல வராதவனா இனி வரப்போறான்?

— அதைத்தான் ஊரே சொல்லுது. மனசு கேக்கணுமே. முடிப்பு வேற கெடக்கு. அவரு காணாமப் போன அதே வாரம் எங்க அத்தை, மருதாயின்னு பேரு, அவரைப் பெத்தவ, மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சிருச்சு. ‘தாயே, எம்மகனை ஒருக்கா எங்கண்ணுல காட்டிரு, காட்டுன மறுநாளே இதை உன் உண்டியல்ல சேக்குறேன்’னு. சாமிப் படத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்கும். காலையில எந்திரிச்சு அதைக் கும்பிட்டுட்டுத்தான் மலையேறுவேன். முடிப்புத் தொங்குற வரைக்கும் அவரு வர்ற வழியில இருக்காருன்னு அர்த்தம், பாத்துக்கங்க.

— பலிக்கலேன்னா முடிப்பு அப்பிடியே கெடக்க வேண்டியதுதானே?

— கெடக்கணும். ஆனா போன வருசம் அத்தை சாகக் கெடக்கையில எங்கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிருச்சு. ‘ராசிங்காபுரம் கொண்டுபோயி உண்டியல்ல போட்டுட்டு உன் வாழ்க்கையப் பாருடி. அவுக்காம அப்பிடியே போடு’ன்னு. அதான் இன்னைக்குப் போறேன். இந்தா, மடியிலதான் இருக்கு.

— துணி நரைச்சுப் போச்சு. மஞ்ச வாசம்கூட இல்ல.

— அடுப்புப் புகை பட்டே நெறம் மங்கிப்போச்சு. அண்ணே… அவுத்து ஒருக்கா பாத்துட்டுப் போடட்டா?

— சாமி காரியம். அவுக்காதன்னு சொல்லியிருக்கே உங்க அத்தை.

— லட்சத்துக்காக இல்லண்ணே. இத்தனை நாளு கும்பிட்டதை ஒரு தடவை மூஞ்சி பாத்து அனுப்பலாம்னுதான். அத்தை அன்னைக்குச் சுருக்குப்பைக்குள்ள கண்ணை மூடிக்கிட்டுக் கையை விட்டுச்சு. ஒத்த ரூவா வந்துச்சு. அதுல கட்டவெரலைத் தூக்கிக் காட்டுற மாதிரி ஒரு கை போட்டிருந்துச்சு. ‘பாத்தியாடி, ஆத்தாளே சரின்னு சொல்றா’ன்னு எங்கிட்டக் காட்டிச் சிரிச்சுச்சு. அழுதுக்கிட்டே சிரிச்சுச்சு.

— அந்த வெரல் காசு தெரியும். அப்ப அதுதான் ஓடிக்கிட்டிருந்துச்சு. சரி, உன் மனசு ஆறட்டும். அவுத்துப் பாரு. நான் செல்லு லைட்டைச் சாய்ச்சுப் பிடிக்கிறேன்.

— முடிச்சு இறுகிப்போயிக் கெடக்கு. பல்லாலதான் இழுக்கணும்… வந்துருச்சு. இந்தாங்க.

— ம்ம்… நல்லா இருக்கு தாயி. ரொம்ப நல்லா இருக்கு. இங்க பாரேன், லைட்டுல காசை மெல்ல உருட்டுறேன். மேல ஒரு ஒளி சுத்திச் சுத்தி ஓடுதா?

— ஆத்தாடி, ஆமா. தண்ணிக்குள்ள நெலா ஓடுற மாதிரி.

— அச்சுல இருந்து விழுந்த புதுசுல இது எல்லாக் காசுலயும் இருக்கும். நாலு கை மாறுனா செத்துரும், திரும்ப வராது. இதுல இன்னும் உசுரோட ஓடுது. எழுத்தோட விளிம்பு மழுங்கல. கடை கண்ணி பாக்காம, வந்த வேகத்துல துணிக்குள்ள போயிருக்கு. ஏலக்காய்ன்னா மொதத் தரம்னு சீட்டுப் போட்டிருப்பேன். ஆனா வெலைன்னு கேட்டா ஒரு ரூவாய்க்கு ஒரு ரூவாதான். கோடிக்கணக்குல அடிச்சு விட்டிருக்கான்.

— அருளுக்கு ராத்திரி சோறு எறங்காது! அண்ணே, திருப்புங்க அதை. வெரலைக் காட்டுங்க.

— ம்?

— வெரலுண்ணே. ரெண்டு பக்கமும் திருப்பிட்டீங்க. கட்டவெரலைக் காணோமே?

— அது… தேஞ்சிருக்கும் தாயி. நாள்பட்டதுல்ல.

— என்னண்ணே இது? இப்பத்தான் எழுத்துகூட மழுங்கலேன்னீங்க. தேயணும்னா கை படணும்னு நீங்கதான சொன்னீங்க? ஆணியில தொங்குன துணிக்குள்ள யாரு கை பட்டுச்சு?

— உனக்கு அன்னைக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. அழுதுக்கிட்டு இருந்திருப்ப.

— அத்தை எங்கண்ணுக்கு நேரா நீட்டுச்சு. குடுங்க இங்க. லைட்டை இப்பிடிப் பிடிங்க. கீழ ஏதோ நம்பர் போட்டிருக்கு.

— அது கெடக்கட்டும். முடிஞ்சு வையி. அருளு வந்துருவான்.

— ரெண்டாயிரத்துப் பதினாறு.

— தாயி…

— ரெண்டாயிரத்துப் பதினாறுன்னு போட்டிருக்குண்ணே. அது அடிச்ச வருசந்தான?

— ஆமா.

— அவரு போனது ரெண்டாயிரத்து ஒம்பதுல. ரோஜா பொறந்த வருசம். ஒம்பதுல முடிஞ்ச துணிக்குள்ள பதினாறுல அடிச்ச காசு எப்பிடிண்ணே வரும்?

— வராது. மறைச்சுப் பிரயோசனமில்ல தாயி, துணியைப் பாரு. நடுவுல பெரிசா ஒரு வட்டம் பதிஞ்சிருக்கா? அது பழைய காசு உக்காந்திருந்த எடம். வெரல் காசு அகலம். பெறகு வந்த ஒத்த ரூவா சின்னது. இதை அந்த வட்டத்துல வச்சா சுத்தி எடம் மிஞ்சுது. யாரோ ஒரு தடவை அவுத்து, மாத்தி, திரும்ப முடிஞ்சிருக்காங்க.

— எப்ப?

— காசு புதுசா இருக்கையிலயே. அந்த வருசம், இல்ல அதுக்கு அடுத்த வருசம். அதுக்கு மேல வெளிய சுத்தியிருந்தா இந்த ஒளி ஓடாது. உங்க அத்தை ஏதாவது ஆத்திர அவசரத்துக்கு எடுத்திருக்கும். டீக்கடையில சில்லறை கேட்டிருப்பான். பெறகு பயந்துபோயி வேற வச்சிருக்கும். மனுசங்கதானே.

— எங்க அத்தையா? அடைமழையில வேலையில்லாம அடுப்பு எரியாத நாள்லகூட அந்த ஆணிப்பக்கம் திரும்பிப் பாத்ததில்லண்ணே. பட்டினி கெடந்து செத்தாலும் சாமி காசைத் தொடாது.

— அப்ப வேற யாரும்?

— வேற யாரு வீட்டுல? நானும் அதும் ரோஜாவுந்தான். இருங்க. கொஞ்சம் இருங்க. பதினாறு… ரோஜா ரெண்டாப்பு படிச்சா. அந்த மார்கழியில அத்தை ராசிங்காபுரத்துல ஒரு கேதத்துக்குப் போறேன்னு எறங்குச்சு. அன்னைக்கே வர்றேன்னுட்டுப் போனது, ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு. மொட்டைத் தலையோட வந்துச்சு.

— மொட்டையா?

— நான் பதறிப்போயிட்டேன். என்னத்தை இதுன்னேன். இருமல் நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டின்னுச்சு. நான் எங்கண்டேன்? இருமல் அப்பிடியேதான் இருந்துச்சு. இருமலுக்கு யாராச்சும் மொட்டை போடுவாங்களான்னு எனக்கு அன்னைக்குத் தோணல பாருங்க.

— சந்தனம் பூசுன தலையோட மலையேறி வந்துச்சாக்கும்.

— வந்து அடுப்புக்கிட்ட உக்காந்துச்சு. எம்மூஞ்சியப் பாக்கல. ரோஜாவை இழுத்து மடியில போட்டுக்கிட்டு அவ மூக்கைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. அண்ணே, அதுவரைக்கும் தெனமும் விடியையில ‘வருவான்டி, எம்மகன் வருவான்டி’ன்னு சொல்ற வாயி. அன்னையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லல. நான் எடுத்தாலும் பேச்சை மாத்திரும். ‘நீ வேற பாத்துக்கடி, எத்தனை நாளைக்கு இப்பிடியே இருப்ப’ன்னு ஆரம்பிச்சிருச்சு. பெத்தவளே இப்பிடிச் சொல்றாளேன்னு நான் அதுகூடச் சண்டை போட்டிருக்கேன். ‘உம்மகன் மேல உனக்கே நம்பிக்கை இல்லையா’ன்னு கேட்டிருக்கேன்.

— அதுக்கு என்ன சொல்லுச்சு?

— எங்காலைப் பிடிச்சுவிட்டுச்சு. மாமியாக்காரி, எங்காலை! அருளு ஜீப்பை நிப்பாட்டுனா, ‘முன்சீட்டுல ஏறிக்கடி, பின்னாடி குளுரும்’னு தள்ளிவிட்டதும் அதுதான். எனக்கு அவன் மேல ஒரு நெனப்பும் இல்ல அப்ப. அதுதான் ஒவ்வொரு நாளும் கொஞ்சங் கொஞ்சமா என்னைய அந்தப் பக்கம் தள்ளுச்சு.

— போகட்டும் தாயி. போன உசுரு. ஏதோ மனசுல வச்சுக்கிட்டுப் போயிருச்சு.

— எனக்குக் கோவங் கோவமா வருதுண்ணே. இப்ப எதுக்க இருந்தா அந்தக் கெழவி தலைமயித்தைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். அதே நேரத்துல மடியில விழுந்து ஓன்னு அழுகணும் போலவும் இருக்கு. வேண்டுன காசை உண்டியல்ல சேத்துட்டு வந்திருக்கு. வெறுந்துணி தொங்குனா நான் கேட்டுருவேன்னு, கடையில புது ரூவாயா வாங்கி, நான் காய் எடுக்கப் போன நேரம் பாத்து முடிஞ்சு மாட்டியிருக்கு. நான் அதைக் கும்பிட்டுக்கிட்டுக் கெடந்திருக்கேன். நான் கும்பிடுறதை அது அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டுக் கெடந்திருக்கு. எப்பிடிண்ணே தாங்குச்சு அதை?

— மூக்கைத் துடை. அருளு வர்றான்.

— அண்ணே! பானு! மரத்தை அறுத்துத் தள்ளியாச்சு. வெரசா ஏறச் சொல்லி எல்லாரையும் சத்தம் குடுத்துட்டு வந்திருக்கேன். கீழ மேகம் ஒரு எடத்துல கிழிஞ்சு போடி ஊரே தெரியுதுண்ணே, யாரோ தட்டுல வச்சு நீட்டுற மாதிரி. அட, முடிப்பை அவுத்துட்டீங்களா? நான் சொன்னா மட்டும் சாமி குத்தம்! என்னண்ணே, தேறுமா?

— தேறாது மாப்ளே. வண்டியை எடு.

— தேறாட்டிப் போகுது, விடுங்க. ராசிங்காபுரம் உண்டியல்ல போட்டுட்டு… ஏ பானு, ஏன் கண்ணெல்லாம் செவந்திருக்கு? மறுபடி அவன் நெனப்பா? இங்க பாரு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, நாளைக்கு வாசல்ல வந்து நிப்பான்னுதான பயப்படுற? வரட்டும். என்னைக்கு வந்தாலும் நான் மொத ஆளா எறங்கி அவன்கிட்டப் பேசிக்கிறேன், சத்தியமா.

— அவரு வந்துட்டுப் போயி ஒம்போது வருசமாச்சு அருளு. ராசிங்காபுரத்துல நிப்பாட்ட வேண்டாம், நேரா சிலமலைக்கு விடு.